டோலக்பூர் மன்னனைக் கேட்பார் யார்?

நாடு ஒன்று இருக்கிறது. அந்த நாட்டுக்கு மன்னன் இருக்கிறான். மன்னனுக்கு அரண்மனை உண்டு. அரண்மனைக்கு மதில் உண்டு. மதிலுக்குக் காவல் உண்டு. காவலர் கையிலே வேல் உண்டு. எல்லாம் உண்டு! ஆனால் பகைவன் வந்துவிட்டால், வேலேந்திய வீரர்கள் வீதியிலே உருளுகிறார்கள். மன்னன் சிம்மாசனத்திலே நடுங்குகிறான். நடுங்கும் குரலிலே ஆணை பிறக்கிறது: "கூப்பிடுங்கள் அந்தச் சிறுவனை!" 9 வயதுச் சிறுவன் வருகிறான், லட்டு ஒன்றை வாயிலே போடுகிறான், தோள் புடைக்கிறது, பகைவன் வானத்திலே பறக்கிறான். மன்னன் சிரிக்கிறான். மக்கள் கைதட்டுகிறார்கள். படம் முடிகிறது. மறுநாள் மீண்டும் பகைவன், மீண்டும் நடுக்கம், மீண்டும் லட்டு!

அந்த நாட்டின் பெயர் டோலக்பூர். அந்தச் சிறுவனின் பெயர் பீம். 'சோட்டா பீம்' என்ற அந்தப் பொம்மைப்படத் தொடரை அறியாத வீடு இன்று அரிது. ஐதராபாத்து நகரத்துக் கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்தார், ராஜீவ் சிலகா என்பவரின் தலைமையில் உருவாக்கி, 2008ஆம் ஆண்டு போகோ தொலைக்காட்சியில் உலவவிட்ட தொடர் அது. தமிழ்க் குரல் பூண்டு நம் கூடத்துக்கும் குடிசைக்கும் வந்தது. 2012இல் வெள்ளித்திரை ஏறியது. 2019இல் தவழும் குழந்தை வடிவெடுத்து 'மைட்டி லிட்டில் பீம்' என்ற பெயரிலே நெட்பிளிக்ஸ் வழியாக உலகம் சுற்றியது. 2024இல் நடிகர்களே வேடம் பூண்டு நடித்த படமாகவும் வந்தது. புத்தகப் பையிலே பீம், தண்ணீர்ப் புட்டியிலே பீம், பிறந்தநாள் கேக்கின்மீதும் பீம்! எண்ணூர்த் தாழங்குப்பத்துச் சந்தும் விலக்கல்ல. எர்ணாவூர் அடுக்குமாடியும் விலக்கல்ல.

"பலே! நாட்டிலே பேச வேண்டிய சிக்கல் ஆயிரம் கிடக்க, கட்சி ஏட்டின் ஞாயிறு மலரிலே பொம்மைப் படத்தோடு போர் தொடுக்கிறாயே! பிள்ளைகள் அரைமணி நேரம் சிரித்துவிட்டுப் போகட்டுமே!" என்று எள்ளி நகையாடும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் ஒன்று கேட்பேன். 1952இல் 'பராசக்தி' வெளிவந்தபோது அதைத் தடை செய்ய வேண்டுமென்று கூச்சலிட்டார்களே, ஏன்? அதுவும் வெறும் கதைதானே! திரையிலே ஓடும் நிழல்தானே! கதையின் வலிவு அதை ஆக்குகிறவனுக்குத் தெரியும். அதைக் கண்டு அஞ்சுகிறவனுக்கும் தெரியும். பொழுதுபோக்கு என்று சொல்லிப் புறக்கணிக்கிறவனுக்குத்தான் தெரிவதில்லை.

நான் நாடகம் எழுதுகிறவன். மேடையின் எந்தப் பக்கத்திலிருந்து வில்லன் நுழைய வேண்டும் என்பதை முடிவு செய்கிறவன். அந்தத் தொழில் எனக்குச் சொல்லித் தந்த உண்மை ஒன்று உண்டு. கதை என்பது பார்ப்பவனுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்பதில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவன் கண்ணுக்குப் பழக்கம் கொடுக்கிறது. இடப்பக்கத்திலிருந்தே பத்து நாள் வில்லன் வந்தால், பதினோராம் நாள் பார்ப்பவன் இடப்பக்கத்தையே பார்த்திருப்பான். வலப்பக்கத்திலே களவு நடந்தாலும் காணமாட்டான். டோலக்பூர்க் கதைகளின்மீது நான் சாட்டும் குற்றம் இதுதான்: நம் பிள்ளைகளின் கண்களைக் காட்டுப் பக்கம் திருப்பிவைத்திருக்கிறார்கள், அரண்மனைப் பக்கம் பார்க்கவே அவர்களைப் பழக்கவில்லை.

குற்றம் சாட்டுமுன் நிறையைச் சொல்லிவிடுவது நேர்மை. வெளிநாட்டுப் பூனையும் எலியுமே திரையை ஆண்டிருந்த காலத்திலே, வேட்டி கட்டிய ஒரு சிறுவனைக் கதாநாயகனாக்கி நிறுத்தியது சிறிய செயலன்று. இந்நாட்டு ஓவியர்கள் பலருக்கு அது வேலை தந்தது. நட்பை மதி, சொன்ன சொல் காப்பாற்று, எளியோர்க்கு உதவு என்ற நல்லுரைகளும் அதிலே இருக்கின்றன. மறுக்கவில்லை. பாலிலே நஞ்சு கலந்திருக்கிறது என்று சொல்கிறவன் பாலைப் பழிக்கிறவன் அல்லன்.

* * *

முதலில் காலியாவைக் கவனியுங்கள்.

டோலக்பூரிலே பீமுக்குப் போட்டியாக நிறுத்தப்பட்ட பையன் இவன். உடல் பருத்தவன்; முரடன்; பொறாமைக்காரன். டோலு, போலு என்ற இரட்டையரைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு சூழ்ச்சி செய்வான், சிக்கிக்கொள்வான், அடிபடுவான், ஊரே சிரிக்கும். சில கதைகளிலே பீமோடு தோள்சேர்ந்து போவதும் உண்டு. ஆனாலும் முடிவிலே நகைப்புக்கு இரையாகப் பிறந்தவன் அவன்தான்.

அவன் பெயரைப் பாருங்கள்! இந்தியிலே 'காலா' என்றால் கறுப்பு. 'காலியா' என்றால் கறுப்பன். அழுக்காறு கொண்டவனுக்கு 'அழுக்காறன்' என்று பெயரிட்டிருக்கலாம். அடாவடி செய்பவனுக்கு 'அடாவடி' என்று பெயரிட்டிருக்கலாம். அவன் குணத்தைப் பெயராக்கவில்லை, நிறத்தைப் பெயராக்கினார்கள்! வீரனுக்கு இதிகாசப் பெயர். தோற்பவனுக்குத் தோலின் பெயர். அதே நிறுவனத்தாரின் மற்றொரு படைப்பு 'மைட்டி ராஜு'. அதிலே அரிய ஆற்றல் படைத்த வீரக் குழந்தை வாழும் ஊர் எது தெரியுமா? ஆர்யாநகர்! வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் கண்டித்துத் திருத்தலாம். எண்ணாமலே எழுதினால்கூட, வீரம் என்றதும் அந்தப் பெயரும், தோல்வி என்றதும் இந்தப் பெயரும் எழுதுகோலின் நுனிக்குத் தாமாக வந்து நிற்கின்றனவே, நோய் அத்தனை ஆழத்திலே இருக்கிறது!

டில்லியிலே இருக்கும் பிள்ளைக்கு இது ஒரு பெயர். எண்ணூரிலே இருக்கும் பிள்ளைக்கு இது ஒரு கண்ணாடி. எங்கள் தாய்மார் வெயிலிலே நின்று மீன் உலர்த்துகிறவர்கள். எங்கள் தந்தையர் விடியுமுன் படகேறி, உச்சி வெயிலிலே கரை திரும்புகிறவர்கள். கழிமுகத்துச் சேற்றிலே இறங்கி, கையாலே துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இங்கே வாழ்கிறார்கள். கதிரவனும் கடலுப்பும் சேர்ந்து தீட்டிய நிறம் எங்கள் நிறம். அந்தத் தெருவிலே பத்துப் பிள்ளைகள் கூடி 'டோலக்பூர்' விளையாட்டு ஆடும்போது, யார் பீம், யார் காலியா என்பதை எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்? நான் பார்த்திருக்கிறேன், தோழர்களே! நன்றாக ஓடுகிறவன் பீம் ஆவதில்லை. கொஞ்சம் வெளுத்தவன் பீம் ஆகிறான். மிகக் கறுத்தவனிடம் கேட்பதுகூட இல்லை. அவன் காலியா என்று ஆட்டம் தொடங்குமுன்பே தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்பளித்த நீதிபதிக்கு வயது ஏழு! எந்தச் சட்டப் புத்தகத்தைப் படித்தான் அந்த நீதிபதி? நாள்தோறும் மாலையிலே திரையிலே விரிக்கப்பட்ட புத்தகத்தைத்தான்!

* * *

அடுத்து சுட்கி.

பீமின் தோழி. அறிவுள்ளவள்; துணிவுள்ளவள்; நிதானம் அறிந்தவள். ஆனால் அவளுக்குக் கதை ஒதுக்கிய வேலை என்ன? தாயார் டுன்டுன் மௌசியின் லட்டுக் கடை. அம்மாவுக்கு வீட்டு வேலையிலே உதவி. பீமின் கைக்கு லட்டுப் போய்ச் சேர வழி. அரக்கனை வீழ்த்தும் ஆற்றல் லட்டிலே இருக்கிறது. லட்டு பிறப்பது அவள் வீட்டு அடுப்பிலே. பிடிப்பது அவள் வீட்டுக் கை. ஆனால் வாகை மட்டும் தின்றவன் தலையிலே! லட்டைப் பிடித்தவள் ஒன்று தின்றுவிட்டு ஒரு குத்து விட்டால் என்ன குடியா மூழ்கிவிடும்? சாகசப் பயணத்துக்கு அவளையும் உடன் அழைத்துப் போகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் முடிவு கட்டும் குத்து அவளுடையதாக இருப்பது எத்தனை முறை?

விந்தையொன்று நிகழ்ந்தது 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே. பீம், அரசகுமாரி இந்துமதியை மணந்துகொண்டான் என்று ஒரு பேச்சுக் கிளம்பிற்று. அவ்வளவுதான்! "சுட்கிக்கு நீதி வேண்டும்" என்ற முழக்கம் ட்விட்டரிலே நாடெங்கும் எழுந்தது. லட்டுக் கொடுத்த தோழியைக் கைவிட்டு, மகுடம் சூடிய மகளைத் தேடிப் போனானே என்று வேடிக்கையும் வேதனையும் கலந்து இளைஞர்கள் கொதித்தார்கள். படைத்த நிறுவனத்தாரே முன்வந்து, "அப்படியொரு மணம் நடக்கவில்லை, அவர்கள் எல்லோரும் இன்னும் குழந்தைகளே" என்ற பொருளில் விளக்கம் தர நேர்ந்தது.

நகைக்கத்தக்க செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த முழக்கத்திலே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. உழைத்தவளை விட்டுவிட்டு அரண்மனைக்குப் போகிறான் என்ற நினைப்பே இளைஞர்களுக்குச் சுட்டது. அந்தச் சூட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கேட்ட நீதி என்ன? அவளுக்குக் கணவன் கிடைக்கவில்லையே என்பதுதான்! அவளுக்குக் கதை கிடைக்கவில்லையே என்று கேட்டவர் எத்தனை பேர்? மணமாலை மறுக்கப்பட்டதற்கு நாடே கொதித்தது. வெற்றிமாலை மறுக்கப்பட்டதற்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை. சுட்கிக்கு வேண்டிய நீதி மணமேடையிலே இல்லை, தோழர்களே! அவையின் நடுவே நின்று பேசும் உரிமையிலே இருக்கிறது.

அவையின் நடுவே நின்று ஒரு பெண் பேசுவது தமிழனுக்குப் புதிதா? காற்சிலம்பை ஏந்திக்கொண்டு மதுரை மன்னனின் அவையேறிய கண்ணகி நம் கதை. அவள் அரக்கனைத் தேடிக் காட்டுக்குப் போகவில்லை. தன் கணவனைக் கொன்ற பிழை எங்கே பிறந்தது என்று அறிந்து, அந்த இடத்துக்கே நேரே போனாள். அந்த இடம் அரியணை! அந்த மரபிலே வந்த நம் பெண்குழந்தைகளுக்கு இன்று கொடுக்கப்படும் பாத்திரம் லட்டுத் தட்டு!

* * *

இப்போது அந்த அரியணைக்கே வருகிறேன். டோலக்பூரின் மன்னன் இந்திரவர்மன். நல்லவன், இனியவன், குழந்தைகளிடம் அன்புள்ளவன். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2008 முதல் நம் வீட்டுத் திரையிலே அரசாளும் இந்தப் பெருமகன், தன் ஊரைத் தானே காத்த நாள் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்! படை தோற்றது ஏன் என்று படைத்தலைவனைக் கேட்டானா? மதில் இடிந்தது ஏன் என்று மதில் கட்டியவனைக் கேட்டானா? சென்ற வாரமும் அரக்கன் வந்தானே, இந்த வாரத்துக்கு என்ன முன்னேற்பாடு என்று அமைச்சரைக் கேட்டானா? எதுவும் இல்லை. பீம் இருக்கிறான், பிறகென்ன! திறமையற்ற ஆட்சிக்குத் திரைபோட ஒரு சிறுவனின் புயம்!

பீம் என்ற பெயரைப் பாரதத்திலிருந்துதானே கடன் வாங்கினார்கள்? பாரதத்தை நான் வரலாறாகக் கொள்பவன் அல்லன்; கதையாகவே கொள்கிறேன். அந்தக் கதையிலேயே பகன் என்ற அரக்கனைப் பற்றிய பகுதி உண்டு. ஏகசக்கரம் என்ற ஊரார், முறை வைத்துக்கொண்டு, வண்டி நிறையச் சோறும் எருமைகள் இரண்டும் மனித உயிர் ஒன்றும் அவனுக்கு அனுப்பி வருகிறார்கள். முறை வந்த வீட்டுக்காரன் அழுகிறான். அழும்போது என்ன சொல்கிறான் தெரியுமா? இந்த நாட்டை ஆளும் மன்னன் மக்களைக் காக்கும் வழியறியாதவன், அப்படிப்பட்டவனின் நாட்டிலே குடியிருந்ததால் எங்களுக்கு இந்தக் கதி என்று புலம்புகிறான். பழைய கதையின் பீமனும் அரக்கனைக் கொல்லத்தான் செய்கிறான். ஆனால் கொல்லுமுன் கதை ஒரு விரலை நீட்டிவிடுகிறது. அந்த விரல் அரண்மனையைச் சுட்டுகிறது. புதிய கதைக்காரர்கள் பீமனை எடுத்துக்கொண்டார்கள், தின்னும் சோற்றை லட்டாக்கிக்கொண்டார்கள், அரக்கனையும் வைத்துக்கொண்டார்கள். அந்த விரலை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார்கள்!

2012ஆம் ஆண்டுத் திரைப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் நடிகர்களை வைத்து எடுத்ததும் அந்தக் கதைதான். சோனாபூர் என்ற சபிக்கப்பட்ட நகரம். அங்கே தாம்யான் என்ற கொடியோன் சிறைப்பட்டுக் கிடக்கிறான். அந்த மண்ணின் கீழே தங்கம் புதைந்திருக்கிறது என்ற ஆசைவார்த்தை டோலக்பூர் மன்னனின் காதிலே ஓதப்படுகிறது. ஆசை அறிவை வெல்கிறது. அடைத்துக் கிடந்த தீமை அவிழ்த்துவிடப்படுகிறது. அதைச் சரிசெய்யக் குழந்தைகள் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிக் காலப்பயணம் போய் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்!

எவ்வளவு அருமையான கதைக்கரு! பொருளாசையால் தோண்டக்கூடாத இடத்தைத் தோண்டியவர்கள் பெரியவர்கள். அதன் பயனை அனுபவிப்பவர்கள் பிள்ளைகள். எண்ணூர்க்காரன் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய கரு! ஆனால் முடிவிலே என்ன நடக்கிறது? தாம்யான் ஒழிந்தான், எல்லாம் சுபம்! மன்னனை நிறுத்தி வைத்து, "தங்கத்துக்கு ஆசைப்பட்டு ஊரை அடகு வைத்தது ஏன்?" என்று கேட்கும் ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி எழுத எழுதுகோலுக்கு மையா வற்றிவிட்டது? ஆசைப்பட்டவன் அரியணையிலே, அவிழ்ந்து வந்தவன் மட்டுமே குற்றவாளி. இந்த நீதியைத்தான் நம் பிள்ளைகள் பாலோடும் ரொட்டியோடும் உட்கொள்கிறார்கள்.

* * *

இதிலே இத்தனை ஆத்திரம் எதற்கு என்று கேட்பவர்களை எண்ணூருக்கு அழைக்கிறேன். எங்கள் ஊருக்குப் பகை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வந்து பாருங்கள்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலை, காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற கப்பல்கள் இரண்டும் மோதிக்கொண்டன. கசிவு இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. சொல்லி வாய் மூடுமுன் எர்ணாவூர்க் கரையிலே கறுப்புக் குழம்பு வந்து அப்பிக்கொண்டது. ஆமைகள் செத்து ஒதுங்கின. உலகத்து எந்திரமெல்லாம் கைவசம் இருக்கும் நாட்டிலே, அந்தக் குழம்பை அள்ளியது எது? பிளாஸ்டிக் வாளி! மீனவரும் மாணவரும் கடலோரக் காவற்படையினரும் தொண்டர்களும் வரிசையாக நின்று, கைக்குக் கை வாளி மாற்றி, நாள் கணக்கிலே அள்ளினார்கள். அள்ளிய கையும் கறுப்பு. அள்ளப்பட்ட குழம்பும் கறுப்பு. ஆனால் ஊற்றிய கை எது? அதைப் பற்றிப் பேச்சில்லை.

2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்துக்கு இறங்கியது. படகு கறுத்தது, வலை கறுத்தது, அலையாத்தி மரத்தின் வேர் கறுத்தது. மீண்டும் மீனவரே இறங்கி அள்ளினார்கள். அந்த ஈரம் காயுமுன், டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவிலே, பெரியகுப்பத்தருகே உரத்தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கிளம்பியது. உறங்கிய ஊர் மூச்சுத்திணறி விழித்தது. கைக்குழந்தைகளைத் தோளிலே போட்டுக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள் தாய்மார்கள். பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

இந்த மூன்றிலே எந்தப் பகைக்குக் கொம்பு இருந்தது? எந்தப் பகை கோரைப்பல்லைக் காட்டிச் சிரித்தது? எந்தப் பகை "ஹா ஹா ஹா" என்று உறுமிக்கொண்டு காட்டிலிருந்து வந்தது? எங்கள் பகை குழாயிலே வருகிறது. புகைபோக்கியிலே வருகிறது. கோப்பிலே கையெழுத்தாக வருகிறது. "கவலைக்குரியது எதுவுமில்லை" என்ற அறிக்கையாக, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வருகிறது! காட்டைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இந்தப் பகை தெரியுமா? அரக்கனின் முகத்தைத் தேடும் பிள்ளைக்கு, முகமே இல்லாத இந்த அரக்கனை அடையாளம் காட்டப்போவது யார்?

* * *

"பிள்ளைகளுக்கான மாயக்கதையிலே குழாயையும் கோப்பையுமா காட்ட முடியும்?" என்பர். முடியும்! முடித்தே காட்டியிருக்கிறார்கள்.

ஜப்பான் நாட்டு ஹயாவோ மியாசாகி 2001ஆம் ஆண்டு ஆக்கிய 'ஸ்பிரிட்டட் அவே' என்ற படம் பொம்மைப்படந்தான், மாயக்கதைதான். ஆஸ்கர் விருதும் பெற்றது. அதிலே சிஹிரோ என்ற 10 வயதுச் சிறுமி, ஆவிகள் நீராட வரும் குளியல் விடுதியிலே வேலைக்குச் சேர்கிறாள். ஒரு நாள் நாற்றம் பிடித்த சேற்றுருவம் ஒன்று வருகிறது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகுகிறார்கள். நம் கதைக்காரர்களாக இருந்தால் அங்கே ஒரு லட்டு, ஒரு குத்து, ஒரு கைதட்டல்! அந்தச் சிறுமியோ அருகே போகிறாள், குளிப்பாட்டுகிறாள், அதன் விலாவிலே ஏதோ முள்போலக் குத்தியிருப்பதைக் காண்கிறாள். கயிறு கட்டுகிறாள். விடுதியின் தொழிலாளர் அனைவரும் சேர்ந்து அந்தக் கயிற்றை இழுக்கிறார்கள். வெளியே வருவது எது? ஒரு சைக்கிள்! அதன் பின்னே வண்டி வண்டியாக மனிதர் எறிந்த குப்பை! அரக்கன் என்று அஞ்சப்பட்டது அரக்கன் அன்று. அழுக்கடைந்த ஓர் ஆறு!

கொசஸ்தலையின் கரையிலே பிறந்தவன் அந்தக் காட்சியைக் கண்டால் கண் கலங்காமல் இருக்க முடியுமா? அதிலே வாள் இல்லை, வதம் இல்லை, ஒரு தனி வீரனின் தோளும் இல்லை. உற்றுப் பார்க்கும் கண் ஒன்று இருக்கிறது. கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே கயிற்றைப் பிடித்த பல கைகள் இருக்கின்றன. 2017இலே எர்ணாவூர்க் கரையிலே நான் சொன்ன வாளி வரிசையும் அதுதானே! கடல் கடந்த நாட்டுக் கலைஞன் கற்பனையிலே கண்டதை நம் மக்கள் கரையிலே செய்து காட்டினார்கள். செய்தவர்களின் பிள்ளைகளுக்கோ அந்தக் கதை கிடைக்கவில்லை, டோலக்பூர்தான் கிடைத்தது.

நாடகக்காரனுக்கு ஓர் ஆசை. எங்கள் சிறுமி ஒருத்தியை டோலக்பூர் அரசவைக்கு அனுப்பிப் பார்க்கிறேன்.

மன்னன்: யாரம்மா நீ? எந்த ஊர்?

சிறுமி: எண்ணூர், மன்னா. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் ஊர்.

மன்னன்: அரக்கன் வந்துவிட்டானா? அஞ்சாதே! பீமை அனுப்புகிறேன். கூடவே ஒரு கூடை லட்டும் அனுப்புகிறேன்.

சிறுமி: அரக்கன் வரவில்லை, மன்னா. ஆற்றிலே எண்ணெய் வந்திருக்கிறது.

மன்னன்: எண்ணெயா? அதற்குக் கொம்பு உண்டா?

சிறுமி: இல்லை.

மன்னன்: கோரைப்பல்?

சிறுமி: அதுவும் இல்லை.

மன்னன்: பிறகு பீம் யாரைத்தான் குத்துவான்?

சிறுமி: அதைத்தான் கேட்க வந்தேன். குத்துவதற்கு முகம் இல்லாத பகை இது. ஆற்றோரத்திலே அந்த ஆலைக்கு இடம் கொடுத்தது யார்? குழாயை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டியவர் யார்? சோதித்ததாக எழுதிய ஏடு எங்கே?

(மன்னன் அமைச்சரைப் பார்க்கிறான். அமைச்சர் தரையைப் பார்க்கிறார். தரையிலே எதுவும் எழுதியிருக்கவில்லை.)

மன்னன்: குழந்தாய்... லட்டு சாப்பிடுகிறாயா?

சிறுமி: லட்டு வேண்டாம், மன்னா. ஏடு வேண்டும்.

* * *

தோழர்களே! அந்தச் சிறுமியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் நழுவிவிட முடியாது. டோலக்பூர் நோய் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மட்டும் இருப்பதாக எண்ணாதீர்கள். ஊருக்கு ஒரு துன்பம் வந்தால், "எங்கே நம் வீரர்? அவர் வந்தால் ஒரே நாளிலே முடிந்துவிடும்!" என்று சாலைமுனையிலே நின்று வழிபார்க்கும் பழக்கம் எல்லாக் கட்சியிலும் உண்டு, நம் அணிவகுப்பிலும் அது எட்டிப் பார்க்கிறது. பத்தடி உயரத்திலே படம் வரைந்து பாலூற்றும் கையும், பீமுக்கு லட்டு நீட்டும் கையும் ஒரே கைதான்! தலைவர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தலைவரை லட்டுத் தின்னும் பீமாகவும், நம்மைக் கைதட்டும் ஊராராகவும் ஆக்கிக்கொண்டால், மன்னர்களுக்குக் கொண்டாட்டம். சிம்மாசனத்திலே இன்று யார் அமர்ந்தாலும், நாளை யார் அமர்ந்தாலும், கேள்வி கேட்காத ஊர் அவர்களுக்கு இனிய ஊர்.

அமோனியா கசிந்த பிறகு எங்கள் மீனவ ஊர்களின் மக்கள் ஆலை வாயிலிலே அமர்ந்தார்களே, எந்த வீரனுக்காகக் காத்திருந்தார்கள்? யாருக்காகவும் இல்லை. பாட்டியும் பேத்தியும் பக்கத்திலே பக்கத்திலே அமர்ந்தார்கள். அந்த வரிசையிலே காலியா இருந்தான்; சுட்கி இருந்தாள்; டோலுவும் போலுவும் இருந்தார்கள். பீம் ஒருவன் இருந்தானோ என்னவோ, அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் ஒரே உயரத்திலே அமர்ந்திருந்தார்கள்!

ஆகவே நான் கேட்பது தடை அல்ல. தொலைக்காட்சிப் பெட்டியை உடைக்கச் சொல்லவில்லை. பிள்ளையின் கையிலிருந்து பீம் பொம்மையைப் பிடுங்கச் சொல்லவில்லை. பிடுங்கினால் அழும், அழுகை ஓய்ந்ததும் மீண்டும் அதையே தேடும். படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு எளிய வேலை ஒன்று சொல்கிறேன். மாலையிலே பிள்ளைகளோடு அமருங்கள். அவர்கள் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். சிரிக்கும் இடத்திலே சேர்ந்து சிரியுங்கள். படம் முடிந்ததும் 3 கேள்விகளை மட்டும் அவர்கள் முன் வையுங்கள். காலியாவுக்கு அந்தப் பெயர் வைத்தது யார்? சுட்கி ஏன் லட்டுக் கொடுப்பதோடு நின்றுகொண்டாள்? அரக்கன் வந்தபோது மன்னன் என்ன செய்துகொண்டிருந்தான்?

விடையை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே சொல்லட்டும். பிறகு அவர்களையே எழுதச் சொல்லுங்கள், அடுத்த கதையை. முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளை எழுதட்டும், காட்டுக்குப்பத்துப் பிள்ளை எழுதட்டும், கத்திவாக்கத்துப் பிள்ளை எழுதட்டும். எழுதியதை நம் கூட்டங்களிலே, தலைவர்கள் பேசுமுன் அரைமணி நேரம் நாடகமாக நடிக்கட்டும். காலியா கதாநாயகனாகட்டும். சுட்கி வழக்குரைக்கட்டும். மன்னன் கூண்டிலே ஏறி விடை சொல்லட்டும்.

2008இல் பீமைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் இன்று வாக்குரிமை பெற்ற இளைஞர்கள். இன்று பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள் நாளை வாக்குச்சாவடியின் வரிசையிலே நிற்கப் போகிறவர்கள். அன்று அவர்கள் எந்தப் பக்கம் பார்க்கப் போகிறார்கள், காட்டையா, அரண்மனையையா? அதற்கான பாடம் இன்று மாலை நடக்கிறது, நம் வீட்டுக் கூடத்திலேயே. ஆசிரியர் இல்லாத வகுப்பாக அதை விட்டுவிடாதீர்கள்!